இரண்டு பத்து

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்:
"உனக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?"
பதினோராம் வகுப்பே உட்கார்ந்து
அந்தக் கட்டத்தைப் பெரிய பெரிய சொற்களால் நிரப்பியது.
தாவெத் கடலின் உப்பை அளக்கப் போவதாக எழுதினான்.
நான் கயாக் படகு கட்டப் போவதாக எழுதினேன்.
(படகைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.)
கெர்த்து எழுதியது இவ்வளவுதான்:
எங்கள் தெருவிளக்கு
ராத்திரி இரண்டு பத்துக்கு ஏன் அணைகிறது?

எஸ்தோனியாவில், தார்த்து நகரத்தில்
அந்தத் தெருவுக்குப் பெயர் நட்சத்திரம்.
மரவீடுகள், சாய்ந்த வேலிகள்,
டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டு.
ஆசிரியை சிரிக்கவில்லை.
"வியாழக்கிழமை உனக்கு வகுப்பு கிடையாது,
போய்ப் பார்" என்றார்.

பதினெட்டு ராத்திரி
போர்வைக்குள் ஜன்னலோரம் விழித்திருந்தாள்.
நோட்டில் நேரம், குளிர், காற்று, பனி.
இரண்டு பத்து. இரண்டு பதினொன்று. இரண்டு பத்து.
பகலில் வகுப்பில் கன்னம் மேசையில் ஒட்டிக்கிடக்கும்.
கணக்குத் தேர்வில் கோட்டை விட்டாள்.
நகராட்சியில் நாலு மேசை தாண்டி
அவள் அழைப்பு கைமாறிப் போனது;
ஐந்தாவது மேசை சொன்னது:
"பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, பாப்பா."

நோட்டில் ஒரு பத்தி
யாரும் கேட்காமல் தானாக வளர்ந்திருந்தது:
2.40. ஒரு நர்ஸ். நடந்து வருகிறாள்.
எங்கள் வேலி வந்ததும் ஓடுகிறாள்.
அடுத்த விளக்கு வந்ததும் நடக்கிறாள்.

சனி இரவுகளில் மட்டும் விளக்கு அணையவில்லை.
இதைக் கண்டுபிடித்தது கெர்த்து இல்லை,
வரிசையாய்க் கிடந்த எண்கள்.
ஞாயிறு விடிவதற்குள்
இந்தத் தெருவில் வேலைக்கு வராதது எது?
ரொட்டிக்கடை.

கடையின் பின்முற்றத்தில்
மாவு மூட்டை இறக்கப் பெரிய விளக்கொன்று போடுகிறார்கள்.
கம்பத்து உச்சியில் பழைய ஒளிக்கண்;
அந்த வெளிச்சம் பட்டதும்
விடிந்துவிட்டதென்று நம்பி
வேலை முடிந்ததாய் அணைந்துகொள்கிறது.
மூன்று வருஷமாக
ரொட்டி வேகும் நேரத்தைச் சூரியோதயம் என்று
நம்பிக்கொண்டிருக்கிறது ஒரு விளக்கு.

அதற்கு மருந்து, தீப்பெட்டி அளவில் ஒரு தகரத் தொப்பி.
மின்பிரிவுப் பெண்ணோடு தூக்கி வண்டியில் ஏறி
கெர்த்துவே அதை மாட்டினாள்.
தலைக்கவசம் மூக்குவரை இறங்கியிருந்தது.
கீழே நின்று படம் எடுத்தேன்,
எல்லாமே ஆடிப்போய்விட்டன.

அன்றிரவு நர்ஸ் ஓடவில்லை.
வேலியோரம் வந்ததும் ஒரு கணம் நின்று
மேலே பார்த்தாள். பிறகு
கைப்பையில் எதையோ தேடியபடி
மெதுவாகப் போனாள்.

நடுவர்கள் மூன்று பேர். ஆறு நிமிடம்.
"இதிலிருந்து என்ன கற்றாய்?" என்றார்கள்.
ஒளிக்கண்ணைப் பற்றிச் சொன்னாள்.
நர்ஸைப் பற்றிச் சொல்லவில்லை.
"அது என்னுடைய விஷயமில்லை" என்றாள் என்னிடம்.

கதை இங்கே முடிந்திருக்கலாம்.
நாலாம் நாள் கதவு தட்டியது.
எதிர்வீட்டுக் கீழ்த்தளத்து ஆள்,
தோளில் ஏழு மாதக் குழந்தை,
இருவர் கண்ணிலும் தூக்கம் இல்லை.
"இரண்டு பத்துக்குத்தான் இவன் கண் மூடுவான்.
விளக்கை என்ன செய்தீர்கள்?"

இருட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார்.
நோட்டில் அவருக்குப் பத்தி இல்லை.

கெர்த்து சட்டென்று பதில் சொல்லவில்லை.
ஜன்னலின் அகலத்தைக் கேட்டாள்.
உயரத்தைக் கேட்டாள்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
நேராக என்னிடம் வந்தாள்.

கயாக்குக்கு மூடுதுணியாய் வாங்கிய கறுப்புக் கான்வாஸ்
ஆறு மீட்டர், பிரிக்காமலே கிடந்தது.
பலகைகள் பள்ளி நடைவழியில்
இன்னும் யார் காலையோ இடறிக்கொண்டிருக்கின்றன.
துணியை மட்டும் கொடுத்தேன்.

ஆணி நேராக இறங்கவில்லை.
இடது மூலையில்
விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிகிறது.
குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.
நாளை ஏணி பிடிக்கப் போகிறேன்,
எனக்கு இதில் மதிப்பெண் கிடையாது.