ஐந்துக்குக் கீழே

முன்பெல்லாம் கடிதம் எழுதுவார்கள்.
உறை பிரித்து, முத்திரை குத்தி,
ஆறு வாரம் கழித்து ஓர் அட்டவணை அனுப்புவோம்.
அதற்குள் கேட்டவர் கேள்வியை மறந்திருப்பார்,
அல்லது அட்டவணைக்குள்ளேயே போயிருப்பார்.

பிறகு இந்தப் பக்கத்தைக் கட்டினோம்,
நானும் ஹகிவாராவும், ஒரு குளிர்காலம் முழுக்க,
மாநிலச் சுகாதாரத் துறையின் நிலவறையில்.
ஹீட்டர் ஒன்றுதான்; அது அவர் பக்கம்.
மாவட்டம் தேர்ந்தெடு. ஆண்டு தேர்ந்தெடு.
வயது, பால், நோய்.
பொத்தானை அழுத்து.
இறப்புச் சான்றிதழ்களின் இரும்பலமாரி
யார் வீட்டு மேசையிலும் திறக்கும்.

ஒரு விதி மட்டும் நான் எழுதியது:
எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால்
எண்ணைக் காட்டாதே, நட்சத்திரக் குறி போடு.
டன்மோரில் மொத்தமே தொள்ளாயிரம் பேர்.
அங்கே ஒன்று என்று அச்சிட்டால்
எந்தக் கதவு என்று தபால்காரருக்குத் தெரியும்.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை;
எனக்குக் கிடைத்த மூடி அந்த நட்சத்திரம்.
பயிற்சிக் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்வேன்.

மார்ச், ஒரு செவ்வாய், ஒரு தொலைபேசி.
வெர்லீன் ஸ்டாக்கி. டன்மோர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
வற்றிப்போன ஏரியின் தூசு பற்றிச் சொன்னார்:
வடக்கிலிருந்து காற்று அடித்தால்
முன்கண்ணாடி வெள்ளை பூத்துவிடுமாம்,
வைப்பர் போட்டால் கீறல் விழுமாம்.
பிறகு கேட்டார்:
"ஆஸ்துமா, இறப்பு, ஐந்து முதல் பதினாலு வயது,
போன வருடம். நட்சத்திரம் வருகிறது.
அதற்கு என்ன அர்த்தம்?"
விதியைச் சொன்னேன். அடிக்குறிப்பை வாசித்தேன்.
தனிநபர் அந்தரங்கம் என்றேன்.
"தெரியும்" என்றார்.
"அதற்குள்ளே இருப்பது என் பையன்."

விசைப்பலகையில் என் கை இருந்தது. எதையும் தட்டவில்லை.
ஹகிவாரா ஹீட்டரை என் பக்கம் திருப்பினார்,
எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஆண்டைக் கூட்டுங்கள்" என்றேன் கடைசியில்.
"ஒன்று போதாது, பத்தாகப் போடுங்கள்.
ஏரியைச் சுற்றி இருக்கும் நாலு மாவட்டத்தையும் சேருங்கள்.
இறப்பை விட்டுவிடுங்கள்,
அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைக் கேளுங்கள்."
அவர் மவுஸைச் சொடுக்குவது கேட்டது.
இரண்டு சொடுக்குக்கு நடுவே
எங்கோ ஒரு நாய், ஒரு குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்.
நட்சத்திரம்.
நட்சத்திரம்.
பிறகு, இருநூற்றுப் பதினேழு.

அதை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார்,
பேருந்து கிளம்புமுன் தலை எண்ணுகிறவர் போல.
"இவ்வளவு பேரா?"
குரலில் ஏதோ ஓர் ஆறுதல்.
அதைக் கேட்டது எனக்கு வெட்கமாக இருந்தது.
அச்சடிக்க எந்தப் பொத்தான் என்றார்.
வியாழக்கிழமை மாவட்ட ஆணையர்கள் கூடுகிறார்கள்,
மூன்று நிமிடம் பேச விடுவார்களாம்.

அங்கே என்ன நடந்தது, தெரியாது.
ஏரி இன்னும் வற்றித்தான் கிடக்கிறது.

சர்வரின் பதிவேட்டை வாரம் ஒருமுறை பார்ப்பேன்.
கேட்டவர் பெயர் அதில் இருக்காது,
நேரமும் கேள்வியும் மட்டும்.
அதுவும் நான் எழுதிய விதிதான்.
விடியற்காலை இரண்டு நாற்பது:
டன்மோர். ஐந்து முதல் பதினாலு. ஒரே ஓர் ஆண்டு.
மறுநாளும் அதே நேரம், அதே ஆண்டு.
யாரோ
நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
விளக்கை அணைத்துப் போகிறார்கள்.