முத்திரையில் மணி இல்லை

மே நாலு. இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
டாஞ்சியர் கடைசிப் படகு
தாமதமாக வந்து தரீஃபா துறையில்
கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது.
எனக்குப் பசி. பக்கத்துக் கூண்டில் பெர்னாபே
சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டான்.
சட்சட்டென்று குத்திக்கொண்டே போனேன்.
தெத்துவான் தையல்காரி இப்திசாமுக்கும்
அப்படித்தான் குத்தியிருப்பேன்.

"எத்தனை நாள்?"
"தங்கச்சி பெறுகிற வரைக்கும்"
என்றாள், என் மொழியிலேயே,
என்னைவிடத் திருத்தமாக.

விசாத் தாளில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது.
செல்லுபடி: ஏப்ரல் ஒன்று முதல் செப்டம்பர் இருபத்தேழு.
நுழைவு: ஒன்று.
தங்கும் நாள்: முப்பது.
மூன்றே வரி.
ஆனாலும் படிப்பவர் கண்
நேராகச் செப்டம்பரில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
மற்ற இரண்டையும் அச்சகத்தின் பெயர்போலத் தாண்டிவிடுகிறது.
பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்:
பந்தல் ஆறு மாதம் நிற்கும் அம்மா,
இலை முன்னால் உட்கார முப்பது நாள்.
எழுந்துவிட்டால் மறுபந்தி கிடையாது.

ஜூன் இரண்டு. லெவாந்தே காற்று.
குப்பைத்தொட்டிகள் தெருவில் உருண்டன.
படகு ரத்து என்று பலகை எழுதிவைத்த பிறகும்
அவள் இரண்டு பெட்டிகளோடு
நிம்மதியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.
"காற்று எங்கே போய்விடப் போகிறது? நாளைக்கு இல்லாவிட்டால் நாளன்றைக்கு.
செப்டம்பர் வரை இருக்கிறதே."

சிகரெட்டை அணைத்தேன்.
கடவுச்சீட்டை வாங்கினேன்.
விரல் விட்டு எண்ணினேன், உரக்க,
அவளும் கூடவே எண்ணினாள்.
முப்பது இன்றைக்கு முடிந்தது.

"வந்தது ராத்திரி. எட்டு நிமிடத்துக்கு ஒரு நாளா?"
"வந்த நாளும் கணக்கு. போகிற நாளும் கணக்கு."
"எட்டு நிமிடத்தில் நான் ஒரு பொத்தான் தைப்பேன்."
"முத்திரையில் மணி இல்லை, அம்மா. தேதிதான்."
யார் குத்தியது என்று அவள் கேட்கவில்லை.
மூலையிலிருந்த எண்ணை நான் கட்டைவிரலால் மறைத்திருந்தேன்.

பிறகுதான் சொன்னாள்.
டாக்டர் குறித்த தேதி மே இருபது.
பயல் அசையவே இல்லை.
முப்பதாம் தேதி விடியற்காலையில் வந்தான்,
அவளுடைய இருபத்தேழாம் நாளில்.
ஏழாம் நாள் பெயர் வைக்கிற சடங்கு. அது ஜூன் ஐந்து.
வெள்ளைச் சட்டை, கழுத்தோரம் பச்சை நூல்வேலை,
தைத்துத் தேய்த்து
தங்கை வீட்டு அலமாரியில் தொங்குகிறது.

காற்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தாள்.
"உங்கள் அளவு சரிதான்" என்றாள்.
"துணிதான் பற்றவில்லை."

அல்ஹெசிராஸில் பெரிய கப்பல் ஓடும்,
எட்டு மணிக்கு ஒன்று.
பேருந்து வரை ஒரு பெட்டியை நான் தூக்கினேன்.
கனத்தது. தையல் இயந்திரமா என்று கேட்கவில்லை.
அங்கே பணியிலிருந்தவனுக்கு ஃபோன் போட்டேன்.
எட்டே காலுக்குச் சொன்னான்: போய்விட்டாள்,
கணக்கில் குறையில்லை.

அன்றிரவு நானே ஒரு கணக்குப் போட்டேன்.
மே நாலில் நான் கொஞ்சம் இருமியிருந்தால்,
மை உலர்ந்துவிட்டது என்று மேசையைத் துழாவியிருந்தால்,
அவளுடைய முதல் நாள் ஐந்தாம் தேதி.
முப்பது முடிவது ஜூன் மூன்று.
அப்போதும் சடங்குக்கு இரண்டு நாள் குறைகிறது.
ஆக அந்த எட்டு நிமிடம்
அவளுக்கு எதையும் தந்திருக்காது.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் தேதி கடல் எண்ணெய்போல் கிடந்தது.
எல்லாப் படகும் நேரத்துக்கு வந்தன.

இப்போதெல்லாம் கடைசிப் படகு
பதினொன்றே முக்காலுக்கு மேல் வந்தால்
என் கண்ணாடி காணாமல் போகிறது.
முத்திரைத் தேதியைத் திருப்பும் சக்கரம்
சிக்கிக்கொள்கிறது.
வரிசை முணுமுணுக்கிறது. ஒரு குழந்தை அழுகிறது.
பெர்னாபே வாசலில் நின்று
சாவியைக் குலுக்குகிறான்.
இரு, இரு, என்கிறேன்.
பன்னிரண்டு அடிக்கட்டும்.