சீட்டில்லாத மாடு

சட்டையைக் கழற்றச் சொல்கிறீர்கள். கழற்றுகிறேன்.
இடது மார்பில் கிடப்பது எழுத்தல்ல.
கீழே ஒரு வளையம், மேலே இரண்டு கொம்பு.
ஈச்சிலம்பற்றில் எந்தப் பொடியனும் சொல்வான்,
அது மாதுமையின் பட்டிக் குறி.

டொக்கியாட்டில் வெள்ளைக்காரக் கப்பல்கள்
இடமில்லாமல் நெருக்கியடித்து நின்ற வருஷம்.
இறைச்சிக்குச் சொன்னதுதான் விலை.
வெருகலுக்கு இந்தப் பக்கம் சட்டம் என்பது
நல்ல கயிறும் நிலவில்லாத இரவும்,
என்றான் மந்திராசலம்.
கணவதி சிரித்தான்.
நான் கயிறு கொண்டுவந்தேன்.

அவள் உப்பு வாங்கப் போயிருந்தாள்.
புருஷன் கயிலாயன் தனியே காவல்.
பட்டிவாசல் கட்டையோடு சேர்த்துக் கட்டினோம்.
முடிச்சு என்னுடையது.
கடப்பைத் திறந்துவிட்டு, பின்னால் நின்று தகரம் தட்டினோம்.
நாற்பத்தொரு மாடு, ஒரே வாசல்.
முன்னால் போனவை அவனை விலகத்தான் பார்த்தன.
பின்னால் வந்தவை தள்ளின.
இதற்கு மேல் கேட்காதீர்கள்.

அவள் ஒப்பாரி வைக்கவில்லையாம்.
எட்டுச் செலவுக்குச் சனம் வந்தபோது
வீடு பூட்டிக் கிடந்ததாம்.
இடியன் துவக்கைக் காணோம். குறிக்கோலைக் காணோம்.

மந்திராசலத்தை ஆற்றுத் துறையில் எடுத்தாள்.
பன்றிக்குக் கட்டுத்துவக்குக் கட்டுகிறவன்
குழலைப் பதித்துத்தான் வைப்பான்.
அவள் நூலை முழங்காலில் விட்டு
குழலை நெஞ்சுக்கு உயர்த்தியிருந்தாள்.
நாங்கள் போய்ப் பார்க்கையில்
முதலைகள் ஒரு செருப்பை விட்டுவைத்திருந்தன.

கணவதி மூதூருக்கு ஓடினான்.
தவறணையில், ஆட்களுக்கு நடுவே,
முதுகைச் சுவரில் வைத்துத்தான் குடித்தான்.
சுவர் கிடுகு.
வெளியே நின்று அவன் குரலை
எவ்வளவு நேரம் கேட்டிருப்பாளோ,
கத்தி அவன் சொன்ன பகிடியின் பாதியில் வந்தது.
சிரித்துக்கொண்டிருந்தவர்கள்
கொஞ்சம் பிந்தித்தான் நிறுத்தினார்கள்.

மிச்சம் நான்.
பதினேழு நாள் வில்லுப் புல்லுக்குள் கிடந்தேன்.
தாமரைக் கிழங்கு தின்றேன். அட்டைகள் என்னைத் தின்றன.
பதினெட்டாம் நாள் மணிச்சத்தம்.
கப்பல்காரன் வேண்டாமென்று கழித்த கிழட்டுக் காரிப்பசு
மேய்ந்தபடி என் தலைமாட்டில் வந்து நின்றது.
அதன் பின்னால் அவள்.

"முடிச்சு நல்ல முடிச்சு," என்றாள்.
"அவிழ்க்க எனக்கு ஒரு பகல் பிடித்தது."

அதே கயிற்றால் கட்டினாள்.
விறகு பொறுக்கினாள், ஊதினாள், புகைக்கு இருமினாள்.
துவக்கை எடுப்பாள் என்று இருந்தேன்,
அதைத்தான் கும்பிட்டேன்.
கோல் சிவந்தது.
சுட்ட தோலின் வாசம் எனக்குப் பழகிய வாசம்,
என்னுடையதை அன்றுதான் மணந்தேன்.

பிறகு கயிற்றை அறுத்துவிட்டு நடந்தாள்.
பசு பின்னால் போனது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது.
குறிபட்ட மாடு எந்தக் காட்டுக்குள் போனாலும்
கண்டவன் சாய்த்துக்கொண்டுபோய்
உடையவர் பட்டியில் விடவேண்டும்.
கிண்ணியாத் தோணிக்காரன் என் மார்பைப் பார்த்தான்,
துடுப்பால் தெற்கே காட்டினான்.
தம்பலகாமத்தில் சோறு போட்டவள்
அகப்பையைப் பாதியில் நிறுத்தினாள்.
கடைசியில் அந்தக் கடப்புக்கு வெளியே போய் நின்றேன்.
அவள் கம்பை உருவினாள். அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷம் மேய்த்தேன்.
என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.
மன்னிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.
மாரி மழைக்குள்ளும் எனக்குப் படுக்கை
அந்த வாசல் கட்டையின் அடிதான்.

போன மாசி அவள் போய்விட்டாள்.
மருமக்கள் மாடுகளைப் பிரித்தார்கள்.
விதானையார் ஒவ்வொன்றாய்க் குறி பார்த்துச்
சீட்டு எழுதினார்.
நானும் வரிசையில்தான் நின்றேன்.
மைக்கூட்டை மூடிவிட்டார்.

ஐயா, கச்சேரியிலிருந்து வந்தவர் என்கிறார்கள் உங்களை.
பேனா இருக்கிறது.
என்னையும் யாருக்காவது எழுதிவிடுங்கள்.