ஒரு டன்னுக்கு ஒரு கிராம்

எல்கோவில் இரவு பதினொன்று.
வெளியே எண்பதாம் நெடுஞ்சாலையில்
பனிமேல் உப்புத் தூவிப் போகிறது ஒரு லாரி.
உள்ளே ஆறாம் மேசை.
கட்டாயப் பந்தயம் ஒரு டாலர், இரண்டு டாலர்.
சீட்டுப் போடுகிறவன் நான்,
சட்டைத் தகட்டில் வெர்ன் என்று இருக்கும்.

நாலாம் நாற்காலியில் லொரீன் இத்துரால்டே.
தங்கச் சுரங்கத்துச் சோதனைக் கூடத்தில்
கல்லை மாவாக்கி, உருக்கி, நிறுப்பவள்.
ஐந்து மணி நேரமாக
இரண்டு சீட்டின் ஓரத்தையும் கட்டைவிரலால் நிமிர்த்துகிறாள்,
பார்க்கிறாள்,
என் பக்கம் தள்ளுகிறாள்.
பார்க்கிறாள், தள்ளுகிறாள்.
காபி கலக்கிக்கொண்டே தள்ளுகிறாள்.

எட்டாம் நாற்காலி ஆர்லோ பென்ரோஸ்
குழிக்குள்ளிருந்து முன்னூறு டன்னை
ஒரே நடையில் மேலேற்றும் ஓட்டுநர்.
எதையும் தள்ளமாட்டான்.
ரெண்டும் ஆட்டின், என்பான்.
ரெண்டும் அடுத்தடுத்த நம்பர், என்பான்.
ஏழும் ரெண்டும் என் வண்டி எண், என்பான்.
காரணம் கிடைக்காத ஒரு கையை
இதுவரை என்னால் அவனுக்குப் போட முடிந்ததில்லை.

போன வாரம் வாசலில் புகைத்தபடி அவளைக் கேட்டேன்,
இப்படிப் பொறுக்கினால் அலுக்காதா?

ஒரு டன் பாறைக்கு ஒரு கிராம் கிடைத்தால்
எங்களுக்கு அது நல்ல நாள், என்றாள்.
எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும்.
மேலே இருப்பது தாது, கீழே வெறுங்கல்.
வெறுங்கல்லை அரைத்தால் டீசல் காசுகூடத் தேறாது.
ஆனால் தங்கம் விலை ஏறினால்
கோடு இறங்கிவிடும்.
அன்று குப்பைமேட்டில் கொட்டியதையே
இன்று அள்ளிக்கொண்டு வருவோம்.
கல் மாறுவதில்லை, வெர்ன்.
கோடுதான் நகர்கிறது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.
முதலில் பேச வேண்டிய இடத்தில்
ராணியும் பத்தும் அவளுக்கு வெறுங்கல்.
கடைசியாகப் பேசும் இடத்தில்,
நாலு பேர் சும்மா இரண்டிரண்டு டாலர் போட்டிருந்தால்,
டைமன் எட்டும் ஏழும்கூடத் தாது.

சும்மா உட்கார்ந்திருக்கவும் காசு கரையும்.
சுற்றுக்கு மூன்று, மணிக்குப் பத்து டாலர்.
அதைப் பார்த்துப் பயந்து
கண்டதை ஆடுகிறவர்கள் உண்டு.
வாடகை கொடுக்க வீட்டை விற்பது மாதிரி.

பன்னிரண்டரைக்கு அவள் முதல்முறையாகப்
பதினைந்து டாலரை முன்னே வைத்தாள்.
பூட்டியிருந்த வீட்டில் விளக்கு எரிந்ததுபோல்
ஏழு பேரும் நிமிர்ந்தார்கள்,
சீட்டைக் கவிழ்த்தார்கள்.
ஆர்லோ மட்டும் வந்தான்.
ஐந்து மணி நேரமாக
அவன் அவளைப் பார்த்திருந்தால்தானே.

நான் விரித்தேன்: ஒன்பது, நாலு, இரண்டு.
அவளிடம் இரண்டு ஏஸ்.
இருநூற்று இருபத்தொரு கைக்கு ஒருமுறை வருவது.
அவனிடம் ஒன்பதும் நாலும்.
ரெண்டும் ஆட்டின்.

நூற்று நாற்பது டாலரை
அவன் பக்கம் தள்ளிய கை என்னுடையது.
ஒரு டாலரை எனக்கு எறிந்து
பார்த்தியா வெர்ன், என்றான்.
பார்த்தேன்.

எனக்கு வந்த எல்லாக் கையையும் நான் ஆடியிருக்கிறேன்.
இரண்டு கல்யாணம்.
வின்னமக்காவில் பாதி விலைக்கு ஒரு சலவைக்கடை,
அதன் கூரை ஒழுகுவதைப்
பத்திரம் முடிந்த மாலையில் பார்த்தேன்.
ஒவ்வொன்றிலும் ரெண்டும் ஆட்டினாகத்தான் இருந்தது.

லொரீன் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு நூறு எடுத்தாள்.
முகம் சிவக்கவில்லை. காபி ஆறிவிட்டது.
அடுத்த கை போட்டேன்.
இந்தமுறை முதலில் பேச வேண்டியவள் அவள்.
கட்டைவிரல் அதே நிதானத்தில் ஓரத்தை நிமிர்த்தியது.
கொஞ்சம், மூச்சு ஒன்றின் பாதி அளவு,
அதிகமாக நின்றது.
தள்ளினாள்.

விரித்தேன்: ராஜா, ராஜா, ஜாக்கி.

அவள் எதைத் தள்ளினாள் என்று தெரியாது.
கவிழ்த்த சீட்டைப் பார்ப்பது எனக்கு விதியில்லை.
இடது கண்ணிமை ஒருமுறை துடித்தது,
அதையும் பார்த்திருக்கக் கூடாது.

கரண்டியை எடுத்து
ஆறிய காபியைக் கலக்கத் தொடங்கினாள்.