பத்திரத்தில் இல்லாதது

வீட்டுப் பத்திரம் பதினோரு பக்கம்.
கொதிகலன் எனக்கு, திரைச்சீலைக் கம்பிகள் எனக்கு,
கொட்டகையில் துருவேறிய தள்ளுவண்டிகூட
எனக்கென்று எழுதியிருந்தது.
கொல்லையின் தென்மூலையில்
மஞ்சளாய்ச் சாய்ந்து கிடந்த புதரைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.
களையென்று நினைத்து
நவம்பரில் அறுத்து எரித்தேன்.

ஏப்ரல் கடைசி. ஹேட்லியில் இன்னும்
கார்க் கண்ணாடியைச் சுரண்டவேண்டிய குளிர்.
கதவைத் தட்டியவர் ரோலண்ட் பெல்சார்,
வீட்டை எனக்கு விற்றவர்.
பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மேலங்கி,
கையில், மீன்வாலாய் நுனி பிளந்த ஒரு கத்தி.
காலை ஆறுமணிக்குக் கத்தியோடு வருகிறவரிடம்
என்ன பேசுவது?
"பயப்படாதீங்க," என்றார்.
"அஸ்பாரகஸ்."

நான் எரித்த இடத்தில்
ஊதா மூக்கு நீட்டி
ஒன்பது தண்டுகள் நின்றன.
எரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.
"அதைத்தான் செய்யணும்.
வண்டு அதுக்குள்ளதான் குளிர்காலம் தூங்கும்" என்றார்.
தெரியாமல் செய்த ஒன்று சரியாய்ப் போனது
அந்த வருஷத்தில் அது மட்டும்தான்.

தண்ணீர்விட்டான் குலத்துச் செடி.
தண்ணீர் விட்டவர் அவர்.
பத்திரம் வைத்திருப்பவள் நான்.

பாதிப் பாதி என்று முடிவாயிற்று.
இரவு வேலை முடிந்து நான் வரும்போது
அவர் மண்டியிட்டிருப்பார்.
முற்றலா இளசா என்று பார்க்க
வெண்டைக்காய் நுனியை ஒடிப்பார்களே,
அந்தச் சத்தம் வரும் வேலியோரம்.
என் பங்கு, ரப்பர் வளையம் போட்டு, வாசற்படியில்.

கதையும் தவணையில்தான் வந்தது, மே முழுக்க.
முப்பத்திரண்டு வேர்கள்.
அகழிக்குள் மண்ணைக் கரையாய்க் குவித்து
சிலந்திகளைக் கால்விரித்து உட்காரவைப்பதுபோல்
ஒவ்வொன்றாய் வைத்தாராம்.
முதல் வருஷம் தொடக்கூடாது.
இரண்டாம் வருஷம் தொடலாம்போல இருக்கும்,
அப்போதும் தொடக்கூடாது.
அந்த இரண்டாம் வருஷத்தில் விவாகரத்து.
சோபா இவருக்கு, நாய் அவளுக்கு,
வீடு பணமாகி இரண்டாய்ப் போனது.
இதை மட்டும் பிரிக்க முடியவில்லை.
தோண்டினால்
காத்திருந்த நாளெல்லாம் வேரோடு அறும்.

தண்டின்மேல் செங்குத்தாய் நிற்கும் வண்டு முட்டைகளை,
மீசையைக் கத்தரித்து ஒட்டியதுபோல இருப்பவற்றை,
கட்டைவிரலால் தேய்க்கக் கற்றேன்.
சாப்பிட்ட அன்று
கழிவறையில் ஒரு வாடை வரும்.
எந்தச் சமையல் புத்தகமும் எச்சரிக்காததை
அவர் எச்சரித்தார், முகம் சிவந்து.

மே முப்பது.
வெண்ணெயில் வதக்கலாம்போலப் பதினான்கு தண்டுகள்
நின்றுகொண்டிருந்தன.
ஓரத்தில் ஒன்று, பென்சிலைவிட மெலிந்தது.
அதைப் பார்த்துக் கத்தியைத் துடைத்தார்.
"போதும்" என்றார்,
யாரிடமென்று தெரியவில்லை.

பிறகு கோடை. பேருந்துகள் ஓடவில்லை.
தண்டெல்லாம் ஆளுயரப் பச்சைப் புகையாகி
என் சன்னலை மறைத்தன.
செப்டம்பரில் சில செடிகளில்
சிவப்பு மணிகள்.
அவை பெண்செடிகள் என்று
நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.
அவரிடம் கேட்டிருக்கலாம்.
சிக்கப்பியில் மூன்றாம் மாடி என்று மட்டும் சொல்லியிருந்தார்;
மண் இல்லாத முகவரி.

இன்று காலை
தென்விளிம்பில், சருகை முட்டிக்கொண்டு, ஒன்று.
வெயில் ஏறினால் விரற்கடை சாணாகும்,
நாளை மறுநாள் முழம், முற்றல்.
தொலைபேசியில் அழைத்தேன்.
பணிமனையில் இன்ஜின்கள் உறுமின.
"எத்தனை?"
"ஒன்று."
"ஒன்றை எப்படிப் பாதியாக்குறது?" என்றார்,
பிரித்துப் பழகியவர்.

குறுக்கே வேண்டாம்,
நுனி யாருக்கென்று சண்டை வரும்.
நெடுக்கே, என்றேன்.