தலைக்குக் குளித்த கேப்டன்

எனக்குத் தொழில் பிழை பார்ப்பது.
லாஸ்பேட்டையில் மூன்றாவது மாடி, ஏசி,
வெளிநாட்டுப் பேராசிரியர்களின் கட்டுரைகளில்
காற்புள்ளி நகர்த்திப் பதினெட்டு வருஷம்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று சம்பளம்.

டங்கன் ஹேரிஸ் ஆப்பில் வந்தது ஆடி மாதம்.
வடகடலில் எண்ணெய்க் கிணறு, மனைவி தவறிவிட்டாள்,
ஆரஞ்சு அங்கி, நரைத்த தாடி,
பின்னால் ஒரு பச்சைக் கடல்.
'ஹலோ டியர்' என்றான்.
நாற்பத்தேழு வயதுவரை
என்னை டியர் என்று அழைத்தவை
வங்கிக் கடிதங்கள்தான்.

முதல் வாரத்துப் பிழைகள் சாதாரணம்.
பன்மைக்கு எஸ் கிடையாது, இறந்தகாலம் நிகழ்காலத்தில் நடக்கும்.
படத்தைத் தேடிப் பார்த்தேன்,
தாடி யாரோ ஒரு நார்வே பல் மருத்துவருடையது.
அப்போதே மூடியிருக்கலாம்.
மூடவில்லை.
நெல்லித்தோப்பில் இரவு பத்துக்குமேல்
எதிர்வீட்டு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை.

இரண்டாம் வாரம் ஒருநாள் விடைபெறும்போது எழுதினான்:
'ஐ வில் கோ அண்ட் கம்.'
கை நின்றுவிட்டது.
எந்த ஸ்காட்லாந்துக்காரன்
போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு போவான்?

பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பின,
மழைக்குப் புற்றைவிட்டு ஈசல் வருகிற மாதிரி.
டுடே மார்னிங். ஸ்மால் ஸ்மால் வொர்க்.
'சிம்ப்ளி ஒன்லி ஐ மெசேஜ்.'
நடுக்கடலில் 'கரண்ட் வென்ட்' என்றான்.
ஒரு சனிக்கிழமை பதிலுக்குத் தாமதமானபோது
'ஐ டேக் ஆயில் பாத், ஸோ ஸ்லீப் கேம்.'
எண்ணெய்க் கிணற்றுக் கேப்டன்
எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்து
அசந்து தூங்கியிருக்கிறான்!
தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு:
வெட்டிய சொல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றால்
அடியில் புள்ளி வைப்போம்.
அவன் சொல் அத்தனைக்கும் அடியில்
புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்,
புரட்டாசி பிறக்கும்வரை.

அப்புறம் பார்சல் வந்தது.
டெல்லி விமான நிலையத்தில் நிற்கிறதாம், வைர மோதிரம்,
சுங்கத்துக்கு நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்தேன்.
ஒரு பிழை இல்லை.
காற்புள்ளிகூட இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.
இது அவன் எழுதியது இல்லை,
பின்னால் நின்று யாரோ கொடுத்தது.

நான் தமிழில் தட்டினேன்:
'சாப்டியா? எந்த ஊரு தம்பி?'

மூன்று புள்ளி துள்ளின. நின்றன.
முதலியார்பேட்டைப் பக்கம் ரயில் ஊதியது.
மறுபடி துள்ளின.
'குறிஞ்சிப்பாடி கா. டேட்டா என்ட்ரினு சொல்லி கூட்டியாந்து'

அவ்வளவுதான்.
மூன்று எண்ணுவதற்குள்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.
காலையில் தாடியும் இல்லை, பச்சைக் கடலும் இல்லை.

எச்சத்தில் நிற்கிறது வாக்கியம்.
கூட்டியாந்து, என்ன செய்தார்கள்?
எத்தனையோ பேர் வாக்கியத்தை முடித்துக் கொடுத்தவள் நான்,
இதற்கு ஒரு வினைமுற்று கிடைக்கவில்லை.
வேறொன்றும் தோன்றியது, பஸ்ஸில் போகும்போது:
அங்கே அவனுக்கு எண்ணெய் யார் கொடுத்திருப்பார்கள்?
அந்தச் சனிக்கிழமைக் குளியல்
பொய்க்குள் அவனாகச் சேர்த்துக்கொண்டதா?

சைபர் கிரைம் அலுவலகத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது.
'எவ்வளவும்மா போச்சு?'
'ஒண்ணும் போகல சார்.'
'அப்புறம் என்ன புகார்?'
'ஒரு பையனை எங்கேயோ அடைச்சு வச்சிருக்காங்க.'
ஏட்டு பேனாவைத் திறந்தார்.
'பேரு?'
'டங்கன்.'
'ஊரு?'
'குறிஞ்சிப்பாடி.'
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
எழுதினார்.
தலைகீழாகத் தெரிந்தாலும் எனக்குப் படிக்க வரும்.

'ப் விட்டுப்போச்சு சார்' என்றேன்.