ஈரக் கழிவு

தை பிறந்து நாலாம் நாள்.
கோத்தகிரியில் புல் வெளுத்துக் கிடக்கிறது.
வாட்டுக்கூடத்துச் சுவர்க்குழலில் பாதரசம்
எட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது.
இலைப்படுகைக்கு அடியில்
விசிறிகள் முனகுகின்றன.

எனக்குக் காற்றைத் தெரியும்.
பதினோரு வருடமாக அதற்குத்தான் சம்பளம்:
எத்தனை மணி நேரம், எவ்வளவு சூடு,
எப்போது நிறுத்தினால் பிடித்த பிடியில்
இலை நிமிராமல் அப்படியே கிடக்கும் என்று.
ஒருநாளும் அது என்னைத்
தூக்கிக்கொண்டு போனதில்லை.

வருடத்தில் எட்டு நாள் விடுப்பு.
அவரைக் குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு
போஜன் வரைபடத்தை விரிக்கிறான்.
வியட்நாமில் ஒரு கடற்கரையாம்,
மாசி வரை ஓயாத காற்றாம்.
பச்சை இலை கிலோ பதினாறு ரூபாய், என்கிறேன்.
வியட்நாமை மடித்துவைக்கிறான்.

கற்பிட்டி?
கழிமுகம், தட்டு மாதிரித் தண்ணீர்,
புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது.
பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைப் பார்க்கிறேன்.
போன ஆவணியிலேயே காலாவதி.
என் படம் மட்டும் இன்னும் சிரிக்கிறது.

அப்புறம் ராமேஸ்வரம்.
தையில் வாடை, வடக்குக் கரை.
ஆனியில் கச்சான், தெற்குக் கரை.
காற்று மாறினால் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு
தீவைக் குறுக்கே கடந்தால் போதும்,
அந்தப் பக்கம் வேறொரு கடல்.
கரையைச் சாய்வாகத் தொடும் காற்றுதான் நல்லது,
கரையிலிருந்து நேரே கடலுக்குப் போகும் காற்றை
நம்பவே கூடாது, என்று படிக்கிறான்,
தேர்வுக்குப் படிப்பதுபோல்.
எத்தனை நாட் காற்று, எத்தனை மீட்டர் பட்டம்,
எங்கெங்கே வலைக்கம்பு நட்டிருப்பார்கள்.

தண்ணீர் எப்படி? என்கிறேன்.
தண்ணீரில் என்ன, என்கிறான்.

எமரால்டு அணையில் அவன் பார்க்கவில்லையா?
யாரோ விற்றுப்போன பாய்ப்பலகை,
ஒட்டுப்போட்ட பாய்.
ஏறி நின்றேன், மூன்று எண்ணுவதற்குள் விழுந்தேன்.
தண்ணீர் நெஞ்சில் அறைந்தது.
மூச்சு உள்ளே போனது, வெளியே வர வழியில்லை.
கரைக்கு வந்தபின்னும் ஒரு மணி நேரம்
என் பற்கள் யாருடையவையோபோல் ஆடின.
மறுபடி ஏறலாம் என்று அவன் சொன்னபோது
தைரியம் போய்விட்டது என்று நினைத்தான்.
போனது சூடு.

முதல் நாள் நாற்பது முறை விழுவேன்.
நாற்பது முறையும் தண்ணீர் என்னை
வாம்மா என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.
காற்று எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்,
இந்தக் கூடத்திலேயே இருக்கிறது.

பயிற்சி கொடுக்கும் ஜெர்வினுக்கு நானே போன் போட்டேன்.
பின்னால் அலை, யாரோ கூப்பிடும் சத்தம்.
தண்ணியா? இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும்க்கா.
சொறிமுட்டை வந்தா மட்டும் ஏறிருவோம்.
எடை எவ்வளவுக்கா?
அறுபத்தொண்ணு, என்றேன்.
பக்கத்தில் போஜன் இருமினான்.
சரியாச் சொல்லுங்க, என்றது கடல் பக்கம்.
அதை வச்சுத்தான் பட்டத்தோட அளவு.
பொய் சொன்னா காத்து தூக்காது.

மறுநாள் காலை, லாரி வருமுன்,
இலைத் தராசில் ஏறி நின்றேன்.
கம்பளிச் சால்வை, ரப்பர் பூட்ஸ், எல்லாவற்றோடும்.
எடை போடும் மாதம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு
அறுபத்தொன்பது என்று உரக்கச் சொன்னாள்.
நோட்டில் எழுதப்போனவள் நிமிர்ந்து
என்னை ஏற இறங்கப் பார்த்து,
ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கவா, என்றாள்.

கழிக்காதே, என்றேன்.
அப்படியே எழுது.